நாலாவது கத்தியின் பிடி

ஜூன் 4

மச்சானுக்கு,

ஜீப் டிரைவர் பொட்டலத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தால், பழைய துண்டில் சுற்றியிருப்பது நாலாவது கத்தி. துண்டை உங்கள் தங்கையைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். கண்டுபிடித்தால் நீங்கள்தான் நடுவில் வந்து என்னைக் காப்பாற்ற வேண்டும்.

அலகு போன தடவை போலவே லாரி ஸ்பிரிங் பட்டைதான். முதுகைக் கொஞ்சம் தடிமனாக விட்டிருக்கிறேன். விறகு பிளக்கும்போது மேலே கட்டையால் அடித்தாலும் தாங்கும். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிய பிறகு, எங்கள் பல் செட் லேப் அடுப்பில் இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தேன். இரண்டாவது கத்தி மாதிரி வாய் உதிராது. முதலாளிக்குத் தெரியும். 'அடுப்புல பல்லைத் தவிர எல்லாம் வேகுது' என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இந்தத் தடவை பிடிதான் விசேஷம். பகலெல்லாம் பல் செட் செய்கிறவன் கைக்கு வேறு என்ன கிடைக்கும்? அதே பிசினைத்தான் வார்த்து, உருண்டையாகக் கடைந்து, மெருகுச் சக்கரத்தில் பிடித்திருக்கிறேன். முந்தைய மூன்றிலும் அங்கங்கே சொரசொரப்பு இருந்தது. எங்கள் தொழிலில் அது பாவம். மயிரிழை சொரசொரப்பு இருந்தாலும் செட்டு போட்டவர் ஈறு புண்ணாகி மறுநாளே வாசலில் நிற்பார். வாய்க்கு ஒரு நியாயம், கைக்கு ஒரு நியாயமா? இதில் நீங்கள் முகம் பார்த்துச் சவரமே செய்யலாம். விரல் முன்னால் போகாமல் இருக்க மூன்றாவதில் ஒரு மேடு வைத்திருந்தேன் அல்லவா, அதையும் எடுத்துவிட்டேன். பார்க்க ஆணி விழுந்த விரல் மாதிரி இருந்தது. நீங்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தேவைப்பட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

நான் காட்டைக் காலண்டரில் பார்த்தவன். உங்கள் வனக்காவல் முகாமில் கத்தி என்ன பாடு படுகிறது என்று நீங்கள் சொன்னால்தான் உண்டு. குறை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். இதைச் சொன்னால் உங்கள் தங்கை சிரிக்கிறாள். "எங்கண்ணன் ஒங்க கத்தியில குறை சொல்லுவாருன்னா காத்துக்கிட்டு இருக்கீங்க? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒங்க முன்னாடி சத்தமாத் தும்மினதுகூட இல்ல அவரு" என்கிறாள்.

உங்கள் கூட்டாளி ரேடியோவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். அவன் கருத்தையும் எழுதுங்கள், கேட்காமலே சொல்லியிருப்பான்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 13

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கத்தி வந்தது. அருமை. இதற்கு மேல் ஒரு கத்தி செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்ததும் ரேடியோ பிடியின் ரோஸ் நிறத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒங்க மாப்பிள்ள கத்திக்கு ஈறு வெச்சு அனுப்பியிருக்காரு. பல்லு மொளச்சா கடிக்குமா?" என்றான். அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் சிரிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நாங்கள் இரண்டே பேர். தொலைபேசி எடுக்காது, வாரம் ஒருமுறை ஜீப் வந்தால்தான் வெளியுலகம். அவன் வாய் மூடுவது தூங்கும்போதுதான், அதிலும் முழு உத்தரவாதம் இல்லை. உங்களை அவன் பல்லுக்காரர் என்கிறான். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மனைவியிடமும் உங்கள் கத்தியைப் பற்றித்தான் பேச்சாம். என்னைவிட அவன்தான் இதை அதிகம் எடுக்கிறான். பாதையில் விழுந்த கிளைகளை வெட்ட, சுள்ளி பிளக்க, கூடாரத்துக்கு முளை சீவ, எல்லாவற்றுக்கும் இதுதான். வாய் மழுங்கவே இல்லை.

குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. மழை நாளில் மட்டும் கொஞ்சம் கவனமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அது மழையின் குற்றம், கத்தியைச் சொல்லி என்ன? மேட்டை எடுத்ததும் நல்லதுதான். பார்க்க லட்சணமாக இருக்கிறது.

தங்கையிடம் நான் தும்மியதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்


ஜூன் 20

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஈறு விஷயத்துக்கு முதலாளியே சிரித்துவிட்டார். மனுஷன் சிரித்து நான் பார்த்ததில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். ஆனால் பிறத்தியார் பார்த்துப் பொன் என்று சொன்னால் கொஞ்சம் மிதப்பு வராதா? ஐந்தாவதை ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நான் சரியான திசையில்தான் போகிறேன். பிடியை இன்னும் ஒல்லியாக்கி, மெருகை இன்னும் ஒரு சுற்று ஏற்றலாம் என்று இருக்கிறேன்.

ஒரு உதவி. நாலாவதை அடுத்த ஜீப்பில் திருப்பி அனுப்புங்கள். எங்கே கை படுகிறது, எங்கே மெருகு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஐந்தாவதின் வடிவம் எனக்குப் பிடிபட்டுவிடும். கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம். இருக்கிற கோலத்தில் அப்படியே அனுப்புங்கள். பார்த்துவிட்டு மறு வாரமே ரேடியோவிடம் சேர்த்துவிடுகிறேன், அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இங்கே நல்ல மழை. அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 8

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ரேடியோ இறந்துவிட்டான்.

கூடாரத்தின் ஒரு பக்கம் காற்றில் பிய்த்துக்கொண்டது. முளை சீவிக்கொண்டிருந்தவன் மழையில் வழுக்கி, சீவி வைத்த முளைமேலேயே விழுந்துவிட்டான். தொடையில் ஏறிவிட்டது. பாலம் உடைந்து ஜீப் அக்கரையில் நின்றுபோனது. அவர்கள் சுற்றி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்வார்கள். பொய்.

அவன் வீடு உங்கள் ஊரில்தான், பஸ் பணிமனைக்குப் பின்னால். முடிந்தால் தங்கையை அழைத்துக்கொண்டு துக்கம் கேட்டுவிட்டு வாருங்கள். என்னால் போக முடியவில்லை. மாற்று ஆள் வரும்வரை முகாமை விட்டு இறங்க அனுமதி இல்லை.

கத்தியை அனுப்ப முடியவில்லை. அதைப் பற்றி இப்போது எதுவும் கேட்க வேண்டாம்.

மச்சான்


ஜூலை 15

மச்சானுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன். அந்த மனுஷனை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் கடிதங்கள் வழியாக என் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். உங்கள் தங்கை சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நீங்கள் அங்கே அந்தக் கூடாரத்தில் தனியாக என்ன செய்கிறீர்கள் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை.

நேற்று இருவரும் போய்விட்டு வந்தோம். ஒரே அறை, பின்னால் சிறிய சமையலறை. அவர் மனைவி அழுது முடித்து வறண்டுபோயிருந்தார். தேநீர் போடுகிறேன் என்று எழுந்தார். வேண்டாம் என்று உங்கள் தங்கை பின்னாலேயே போனாள். நானும் எட்டிப் பார்த்தேன். மச்சான், மேடையில் பாதி நறுக்கிய வெங்காயம், பக்கத்தில் என் கத்தி!

"இது எப்படி இங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அவரோட பெட்டியில வந்துச்சுங்க. முகாம்லேர்ந்து குடுத்து விட்டாங்க. இவருக்குக் கத்தின்னா உசுரு. பல்லுக்காரர் செஞ்சது, பல்லுக்காரர் செஞ்சதுன்னு வந்தா போனா அதே பேச்சுதான்."

"அந்தப் பல்லுக்காரன் நான்தான்" என்றேன். துக்க வீட்டில் சொல்லக்கூடாத குரலில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, உங்கள் தங்கை என் முழங்கையை இடித்தாள். ஆனால் அந்த அம்மா முகத்தில் அப்போதுதான் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "நல்லா வெட்டுதுங்க. ஈரக் கையில புடிச்சாத்தான் நழுவுது" என்றார். "புதுசுல அப்படித்தாம்மா, கை பழகிடும்" என்று சொன்னேன். மழுங்கினால் சொல்லி அனுப்புங்கள், வந்து சாணை பிடித்துத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதை நீங்கள் அவருக்கே கொடுத்துவிட்டதாக எனக்கு எழுதவே இல்லையே. பரவாயில்லை, கொடுக்க வேண்டியவருக்குத்தான் கொடுத்திருக்கிறீர்கள். அவர் கடைசியாகப் புழங்கிய பொருள் என் கையால் செய்தது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 22

மாப்பிள்ளை,

இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாக அந்த வீட்டுக்குப் போய்க் கத்தியை வாங்கிவிடுங்கள். என்ன சாக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். அந்தப் பெண் ஈரக் கையோடு இனி அதைத் தொடக்கூடாது. வாங்கிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

அவன் முளைமேல் விழவில்லை. உங்கள் கத்திதான் அவன் தொடையில் இறங்கியது.

நாலாவது வந்த முதல் மழையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரம் பட்டால் பிடி கைக்குள் சுழல்கிறது. உருண்டையாக, வழவழவென்று, விரலைத் தடுக்க ஒன்றும் இல்லாமல், மீனைப் பிடித்த மாதிரி இருந்தது. உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். வீட்டு மாப்பிள்ளை ஆசை ஆசையாகச் செய்து அனுப்பியதை நொட்டை சொல்வதா என்று மனசு வரவில்லை. அருமை என்று எழுதிவிட்டு, ஜீப்பின் பழைய டியூபை நாடாவாக வெட்டிப் பிடியில் இறுக்கிச் சுற்றினேன். அதன்பின் கைக்கு நன்றாக அடங்கியது. ரேடியோ மழையில் அதை எடுத்ததெல்லாம் ரப்பரோடுதான். எதற்கு இந்தக் கட்டு என்று கேட்டான். கைக்குக் குளிராமல் இருக்க என்று சொன்னேன். அவனிடம்கூட உங்களை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. இருக்கிற கோலத்தில் அனுப்புங்கள் என்று. ரப்பரோடு அனுப்பினால் கட்டைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்துவிடும். அருமை என்று எழுதியவன் அடியில் என்ன செய்திருக்கிறான் என்று. அதனால் ரப்பரை அவிழ்த்தேன். பசை ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வாசனை தெரியாமல் இருக்க எண்ணெய் தடவி, பெண் பார்க்கும் வீட்டுக்குப் பாத்திரம் துலக்குகிற மாதிரி துலக்கி, மேசைமேல் வைத்தேன். ஜீப்புக்குக் கொடுத்துவிட.

நான் காவல் கோபுரத்தில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் பிய்ந்திருக்கிறது. அவன் ஓடிப்போய் மேசைமேல் இருந்ததை எடுத்திருக்கிறான். ரப்பர் இல்லை என்பதை அந்த அவசரத்தில் கவனித்தானோ இல்லையோ. முளையைத் தொடைமேல் வைத்து ஓங்கிச் சீவியிருக்கிறான். பிடி சுழன்று, வாய் மரத்தை விட்டுவிட்டது. நான் இறங்கி வந்தபோது துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துண்டுக்கு நிற்கிற ரத்தம் இல்லை அது.

மேலாளர் வந்து கேட்டபோது முளை என்று சொன்னேன். மேசையில் கழுவி வைத்திருந்த கத்தியைக் காட்டி யாருடையது என்றார். என்னுடையது என்றால் எங்கே வாங்கினாய் என்று கேட்பார், உங்கள் பேர் வரும். அவனுடையதுதான் என்றேன். அவன் பெட்டியில் போட்டுவிட்டார். திருப்பி வாங்க எனக்கு வாய் வரவில்லை.

குறை இருந்தால் எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன்.

மச்சான்


ஜூலை 29

மச்சானுக்கு,

முதலில் நம்பவில்லை. நீங்கள் எங்கோ தப்பு செய்துவிட்டு என் கத்திமேல் போடுகிறீர்கள் என்றுகூட நினைத்தேன். மறைத்து என்ன பயன், நினைத்தேன்.

ஐந்தாவது அரைகுறையாக என் பட்டறையில் கிடந்தது. அதே பிடி, இன்னும் ஒல்லி. கையைத் தண்ணீரில் நனைத்து, கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டேன். தொடைமேல் ஒரு பலகையைக் கட்டி, அதன்மேல் குச்சியை வைத்துச் சீவினேன். சீவிய முதல் வேகத்திலேயே பிடி திரும்பிவிட்டது. பலகையில் விழுந்த வெட்டுக்குள் என் நகம் முழுசாக இறங்கியது. மறுபடி மறுபடி செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் திரும்பியது. கடைசியில் உங்கள் தங்கை வந்து கையிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.

ஒரு வரி, மச்சான். 'பிடி வழுக்குகிறது' என்று ஒரே ஒரு வரி. அதை எழுத உங்களுக்கு என்ன தடை? என்னைக் கண்ணாடிச் சாமான் என்று நினைத்தீர்களா? நான் குறை சொல்லுங்கள், குறை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். நீங்கள் அருமை அருமை என்றீர்கள். மேடு போனதற்கு லட்சணம் என்றீர்கள். நான் உங்கள் பேச்சை நம்பித்தானே ஒவ்வொன்றாக எடுத்தேன், ஒவ்வொன்றாக வழித்தேன்? உங்கள் மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள். பெரியவர் என்று பார்க்கிறேன், இதற்கு மேல் திட்டி எழுதவில்லை.

கத்தியை வாங்கப் போனேன். வேறொரு நல்ல கத்தி தருகிறேன், இதைக் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த அம்மா எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "இல்லீங்க. அவரு கை பட்டது இது ஒண்ணுதான் இருக்கு. சட்டையெல்லாம் தொவைச்சு அனுப்பிட்டாங்க, வாசனைகூட இல்ல" என்றார். ஈரத்தில் தொடாதீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டார். துருப்பிடிக்கும் என்றேன்.

நீங்கள் வர வேண்டும். வந்து சொல்ல வேண்டும். கூட இருந்தவர் நீங்கள்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 6

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் எழுதியதெல்லாம் நியாயம். இன்னும் நாலு வார்த்தை கூடவே எழுதியிருக்கலாம்.

மாற்று ஆள் இன்னும் வரவில்லை. வந்தாலும் நான் இறங்குவேனா என்று எனக்கே தெரியவில்லை. யாரிடம் மறைக்கப் போகிறேன், பயம்தான். அந்தப் பெண் முகத்தைப் பார்த்து, உன் புருஷன் சாவதற்கு முந்தின நாள் நான் கத்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாம் இருவரும் மாறி மாறிக் கைகாட்டுகிறோம்.

ஒரு வழி யோசித்தேன். கோபப்படாமல் கேளுங்கள். சாணை பிடித்துத் தருகிறேன் என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சாக்கில் வாங்கி வந்து, பிடியைக் கழற்றிவிட்டு வேறு பிடி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சொரசொரப்பாக, மேட்டோடு. பழசு விரிசல் விட்டிருந்தது என்று சொல்லிவிடலாம். அவளுக்கும் ஆபத்து இல்லை, நினைவாக அலகும் கூடவே இருக்கும். முளைமேல் விழுந்தான் என்பது அப்படியே இருக்கட்டும். தெரிந்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது? போன உயிர் வருமா?

இரவில் இங்கே சத்தமே இல்லை. பழகிக்கொள்ள முடியவில்லை.

மச்சான்


ஆகஸ்ட் 14

மச்சானுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். சாணை என்றதும் அந்த அம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்தார், துணியில் சுற்றி.

பிடியை வாளால் அறுத்து எடுத்தேன். எஃகும் பிசினும் சேருகிற இடத்தில், உள்பக்கமாக, கறுப்பாக ஒரு கோடு. துரு என்று நினைத்துச் சுரண்டினேன். துரு இல்லை. நீங்கள் வெளியேதான் கழுவியிருக்கிறீர்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் எழுந்து மரத்தில் பிடி செய்தேன். தட்டையான முட்டை வடிவம், கைக்குள் சுழலாது. முன்னால் நல்ல உயரமாக மேடு. மெருகுச் சக்கரத்துப் பக்கமே போகவில்லை. அரத்தால் குறுக்கும் நெடுக்கும் கீறி விட்டேன். சோப்புக் கையோடு என்னென்ன உண்டோ அத்தனையும் வெட்டிப் பார்த்தேன். நழுவவில்லை. நான் செய்ததிலேயே உருப்படியான பிடி இதுதான். ஒரு அரை நாள் வேலை, மச்சான். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். விரிசல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா புதுப் பிடியைத் தடவிக்கொண்டே, "அவரு புடிச்ச புடிய எங்கங்க?" என்று கேட்டார். என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். முளை இல்லை, இந்தக் கத்திதான் என்று ஆரம்பித்து, ரப்பர், மண்ணெண்ணெய், எண்ணெய், என் கடிதம், எல்லாம்.

அழுவார் என்று நினைத்தேன், அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வழுக்கும்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"ஒங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது. என் மச்சானுக்குத்தான் தெரியும்."

"ஒங்ககிட்ட ஏன் சொல்லல?"

"நான் அவங்க வீட்டு மாப்பிள்ளை. மனசு நோகக் கூடாதுன்னு..."

"மரியாதைக்கா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னார்: "அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊருக்கே சொல்லியிருப்பாரே. ஒங்களுக்கு, எனக்கு, ஜீப்புக்காரருக்கு, போற வர்றவங்களுக்கெல்லாம். வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாத மனுசனாச்சே. அந்த ஒரு ஆளுகிட்ட சொல்ல ஒங்க மச்சானுக்கு வாய் வரலியே."

கத்தியை என் கையில் திணித்தார். வாசலில் வைத்து, "அவரு கடைசியா என்ன பேசினாருன்னு ஒங்க மச்சான வந்து எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க. கடுதாசியில வேணாம். நேர்ல" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

உங்கள் தங்கை இதையெல்லாம் கேட்டுவிட்டு உங்களுக்குக் கடைசியில் நாலு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினாள். எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வாருங்கள்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 21

மாப்பிள்ளை,

மாற்று ஆள் வந்துவிட்டான். வாய் திறக்காத ஆள். அடுத்த ஜீப்பில் நான் இறங்குகிறேன். உங்கள் வீட்டுக்கு இல்லை, நேராகப் பணிமனைக்குப் பின்னால் போகிறேன். அவள் உள்ளே விட்டால் பேசுவேன், விடாவிட்டால் வாசலில் நிற்பேன். மேலாளரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். விசாரணை வரும். உங்களையும் கூப்பிடுவார்கள், தயாராக இருங்கள்.

அவள் கேட்டதை உங்களுக்கும் எழுத வேண்டும். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

அன்றைக்கு அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழைச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. மனைவி பேரைச் சொன்னான். குளிருது என்றான். ஈறு கடிச்சிருச்சுண்ணே என்று சிரிக்கப் பார்த்தான். நான் அழுதுகொண்டே, ரப்பரை நான்தான்டா அவிழ்த்தேன், மாப்பிள்ளை பார்க்கக் கூடாதென்று அவிழ்த்தேன் என்று சொன்னேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. கடைசி நேரத்திலாவது அவனிடம் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அது அவளுக்கு ஆறுதலா, இன்னும் கொடுமையா, தெரியவில்லை.

என் சட்டையைப் பிடித்து இழுத்தான். காதருகே குனிந்தேன். "பல்லுக்காரருகிட்ட சொல்லிராதீங்கண்ணே. ஆசையா செஞ்சு அனுப்பினாரு. வருத்தப்படுவாரு" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் முளை என்று பொய் சொன்னேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். செத்துக்கொண்டிருந்தவனும் நானுமாக இரண்டு பேரும், மாப்பிள்ளை, உங்கள் மனம் கோணாமல் பார்த்துக்கொண்டோம்.

இனிமேல் நான் பார்த்துக்கொள்ள மாட்டேன். வருத்தப்படுங்கள்.

மச்சான்